டாய்லெட் கணக்கை ஐப்பசியில வந்து எடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் திருத்துறைப்பூண்டி பக்கத்துல ஒரு கிராமம், மகளிர் குழுவுல இருக்கேன். 2014ல தூய்மை இந்தியா திட்டம் வந்தப்ப டாய்லெட் கட்ட வீட்டுக்கு 12,000 ரூபா வாங்கித் தரலாம்னு எங்க தெருவுல வாசல் வாசலா ஏறி எழுதிக் கொடுத்தவங்கள்ல நானும் ஒருத்தி, அதனால திட்டத்தை திட்டுறதுக்காக இதை எழுதல. வயசுப் பொண்ணுங்க இருட்டுற வரைக்கும் அடக்கிக்கிட்டு உக்காந்திருந்ததை பார்த்தவ நான், அதை மாத்துனது பெரிய காரியம்.

2019 அக்டோபர் 2ஆம் தேதி, கிராமங்கள்ல திறந்தவெளியில மலம் கழிக்கிறது ஒழிஞ்சுதுன்னு அகமதாபாத்துல பிரதமர் அறிவிச்சார். எங்க ஊருல அப்ப முக்கால்வாசி வீட்டுல டாய்லெட் இருந்தது உண்மை. ஆனா ஐப்பசி கார்த்திகையில எங்க ஊருக்கு வந்து பாருங்க, வாய்க்கா கரையில கால் வைக்க முடியாது.

காரணம் ஜனங்களோட சோம்பேறித்தனம் இல்லைங்க, தண்ணி. ஜூன்ல மேட்டூர் திறந்து கடைமடைக்கு தண்ணி வந்து வயல்ல நிக்கும், அது மேல வடகிழக்கு மழையும் சேர்ந்துக்கும், அப்ப எங்க கொல்லையில ரெண்டு அடி தோண்டுனாலே ஊத்து வந்துரும். எங்க டாய்லெட்டுக்கு உறை இறக்கின குழிதான், உறை குழின்னா கழிவுத் தண்ணியை சுத்தி இருக்கிற மண்ணு உறிஞ்சணும். மண்ணே தண்ணியில ஊறிக் கிடந்தா எதை உறிஞ்சும், வெளித்தண்ணி குழிக்குள்ள ஏறிடுது. டாய்லெட் கோப்பையில ஒரு வாளி தண்ணி ஊத்துனா உள்ள போகாம கொப்பளிச்சு மேல வருது. என் மாமியாருக்கு 70 வயசு, அந்த ரெண்டு மாசம் குடையைப் பிடிச்சிக்கிட்டு சேத்துல வழுக்கி வழுக்கி கொல்லைக்குப் போறாங்க, பாக்கவே வயிறு எரியுது. குழியோட அடிக்கும் நிலத்தடி தண்ணிக்கும் 2 மீட்டர் இடைவெளி வேணும்னு விதி இருக்கு. டெல்டாவுல மழைக்காலத்துல அது எங்க கிடைக்கும், மேட்டுல கட்டுனாத்தான் உண்டு. ஆனா மேட்டு நிலத்துக்கும் எங்களுக்கும் ஒரே அளவு குழி, ஒரே காசு.

இன்னொண்ணு, இரட்டைக் குழி. ஒண்ணு நிறைஞ்சா அதை அடைச்சுட்டு அடுத்ததுக்கு திருப்பி விடணும், மூடுனது ஒண்ணு ரெண்டு வருஷத்துல மக்கி எருவாயிடும், கையால அள்ளிப் போடலாம், நாத்தம் இருக்காது. எங்க வீட்டுல கட்டுன கொத்தனார் ரெண்டு குழிக்கும் ஒரே நேரத்துல திறந்து விட்டுட்டார், எங்களுக்கும் யாரும் சொல்லல, ரெண்டும் சேர்ந்தே நிறைஞ்சுது. குழியை உறிஞ்சி எடுக்குற லாரியை கூப்பிட்டா ஒரு வாரக் கூலிக்கு மேல கேட்குறாங்க, அதுவும் எங்க சந்துக்குள்ள லாரி வராது. மனுஷனை இறக்கி அள்ளச் சொல்றது 2013 சட்டப்படி குற்றம், சட்டம் இல்லாட்டியும் ஒரு மனுஷனை அந்த வேலைக்கு கூப்பிட எனக்கு வாய் வராது. அப்படியே நிறைஞ்ச டாய்லெட்தான் பல வீட்டுல இப்ப விறகும் வரட்டியும் போட்டு வைக்கிற இடம். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப கூரை பறந்தது, கதவு பேந்தது, வீட்டையே நிமித்த முடியாதவங்க டாய்லெட் கதவுக்கு எங்க போவாங்க?

வழி இல்லாம இல்ல. முசிறியில காவிரிக்கரை ஓரமா 20 வருஷத்துக்கு முன்னாடியே தரைக்கு மேல தொட்டி வெச்சு, மலம் தனியா சிறுநீர் தனியா பிரிச்சு, சாம்பல் போட்டு காய வைக்கிற டாய்லெட் கட்டினாங்க. பூமிக்குள்ள குழியே கிடையாது, அதனால தண்ணி எவ்வளவு ஏறுனாலும் கவலை இல்ல. நம்ம ஆளுங்களுக்கு தண்ணி ஊத்தி கழுவித்தான் பழக்கம், அதனால பக்கத்துல இருந்து சொல்லிக் கொடுக்க ஆள் வேணும், அந்த ஆளுக்கு மாசச் சம்பளம் வேணும். அது பிடிக்காதவங்களுக்கு மேடை கட்டி குழியை உசத்தி சுத்தி மணல் போட்டாலாவது ஓடும்.

எங்க ஊருக்கு ரெண்டு தடவை கணக்கெடுக்க வந்தாங்க, ரெண்டும் கோடையில. கதவைத் திறந்து பார்த்து போட்டோ எடுத்துட்டு போயிட்டாங்க. அடுத்த தடவை தீபாவளி கழிஞ்சு ஒரு அடைமழை நாள்ல வரச் சொல்லுங்க, டாய்லெட் இருக்கான்னு கேட்காம இன்னிக்கு காலையில யார் யார் போனீங்கன்னு வீட்டுல உள்ள வயசானவங்களையும் பொண்ணுங்களையும் தனித்தனியா கேட்கச் சொல்லுங்க. புது டாய்லெட்டுக்கு ஒதுக்குற காசுல ஒரு பங்கை பழசை உசத்திக் கட்டவும் குழி எடுக்கவும் எங்க ஊராட்சிக்கே கொடுக்கச் சொல்லி உங்க பத்திரிகை எழுதணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருத்துறைப்பூண்டி வட்டம்