மகாராஜநகர் வீட்டுக்கு ஆள் பார்ப்பது பற்றி

அன்புள்ள சங்கருக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். போனில் சொன்னால் நீ 'சரிம்மா, சரிம்மா' என்றுவிட்டு அடுத்த நிமிஷமே புரோக்கருக்கு ஓகே அனுப்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். டியூட்டி முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு நிதானமாக வாசி.

மகாராஜநகர் வீடு காலியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் உனக்குப் பதற்றம். பேங்க் தவணை ஓடுகிறது, வாடகை வந்தால் பாதியாவது கழியும் என்று நினைக்கிறாய். எனக்கும் அது புரியாமல் இல்லை. ஆனால் புரோக்கர் சொல்கிற அந்த ஆளைக் கொஞ்சம் யோசித்துப் பார். நாம் சொன்னது 12,000. அவர் 15,000 தருகிறேன் என்கிறார். வீட்டை இன்னும் வந்து பார்க்கவில்லை, ஆனால் நாளைக்கே சாவி வேண்டுமாம். அட்வான்ஸ் ஒரு லட்சம், அதுவும் ரொக்கமாக. நீ இதைச் சந்தோஷமாகச் சொன்னாய். எனக்கு அங்கேதான் இடித்தது. பாளையங்கோட்டையில் ஐந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் பேசாத ஆளை நான் பார்த்ததே இல்லை. கேட்காமலே மூவாயிரம் கூட்டித் தருகிறவருக்கு அப்படி என்ன அவசரம்?

இன்னொன்றும் இருக்கிறது. நீ வெளிநாட்டில் இருக்கிறாய், வீடு உன் பெயரில். அப்படியானால் வாடகை கொடுக்கிறவர் வருமான வரியைப் பிடித்துக் கட்டிவிட்டுத்தான் மீதியை உனக்குத் தர வேண்டும் என்று ஆடிட்டர் சொன்னாரே. எல்லாவற்றையும் ரொக்கமாகத் தருகிறேன் என்கிற ஆளிடம் இந்தப் பேச்சை எடுத்துத்தான் பாரேன்.

புரோக்கரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு ஒரு மாத வாடகை கமிஷன், வாடகை கூடினால் அதுவும் கூடும். கமிஷன் வாங்கிய மறுநாளே அவர் வேலை முடிந்தது. வீட்டுக்குள் இருப்பது யார் என்பது அதற்குப் பிறகு நம் கவலை.

நம் ஊரில் யாரும் கேள்வி கேட்காமல் வீடு விடுவதில்லை. 'உங்களுக்கு எந்தப் பக்கம்?' என்று ஆரம்பித்து, குலதெய்வம் எங்கே என்று சுற்றிவந்து, கடைசியில் சாதியைக் கறந்துவிடுவார்கள். சைவமா அசைவமா, கல்யாணம் ஆயிற்றா, இத்தனையும் கேட்பார்கள். மேலப்பாளையத்து முஸ்லிம் பையன் வந்து பெயரைச் சொன்னால் போதும், 'வீடு பேசி முடிச்சாச்சு தம்பி' என்று உடனே பதில் வரும். ஆனால் எங்கே வேலை, சம்பளம் எப்படி வருகிறது, இதற்கு முன்னால் யார் வீட்டில் இருந்தீர்கள், ஏன் காலி செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்க மாட்டார்கள். அதைக் கேட்டால் மரியாதைக் குறைவாம். சாதியைக் கேட்பது மரியாதை போலிருக்கிறது!

அப்பாவோடு வேலை பார்த்தவர் பெருமாள்புரத்தில் வீடு கட்டினாரே, கிரகப்பிரவேசத்துக்கு நீயும் வந்தாய். ரிட்டயர் ஆன பணம் முழுக்க அதில்தான் போட்டார். மாடியைச் சொந்தக்காரர் வழியாக வந்த ஒருவருக்கு விட்டார். ஒரே சாதி, நெற்றி நிறையத் திருநீறு. 'நம்மாளுகிட்ட போய் ஆதார் கேக்கவா' என்று ஒப்பந்தம்கூடப் போடவில்லை. மூன்று மாதம் வாடகை ஒழுங்காக வந்தது. நாலாவது மாதம் 'அடுத்த வாரம் தந்திருதேன் அண்ணாச்சி' என்றார். அப்புறம் அந்தப் பேச்சும் நின்றது. அட்வான்ஸ் கையில் இருக்கிறதே என்று இவரும் சும்மா இருந்துவிட்டார். அட்வான்ஸ் முழுவதும் கழிந்த பிறகுதான் மாடி ஏறிப் பார்த்திருக்கிறார். அங்கே குடித்தனமே இல்லை. அந்த ஆள் வேறு இரண்டு பேருக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார். அவர்கள் கேட்டரிங் நடத்திக்கொண்டிருந்தார்கள். பட்டாசலில் ஆளுயரத்துக்கு அரிசி மூட்டை, மொட்டை மாடியில் தகரக் கொட்டகை, அதற்குள் பெரிய கிரைண்டரும் இட்லிக் கொப்பரையும். மாவு கழுவின தண்ணீர் எல்லாம் ஒரே குழாயில் இறங்கி அடைத்துக்கொண்டு, கீழே இவர்கள் அடுக்களைச் சுவரில் ஊறி, வெள்ளைச் சுண்ணாம்பு பொரிப் பொரியாக உதிர்ந்திருந்தது. அந்த அக்கா அதைக் கையால் தட்டித் தட்டி எனக்குக் காட்டினார்.

அதோடு போகவில்லை. மின்வாரியத்திலிருந்து வந்து பார்த்தார்கள். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தியதற்காகப் போட்ட தொகை, இணைப்பு யார் பெயரில் இருந்ததோ அவர் பெயரில்தான் வந்தது. ஆத்திரத்தில் அவர் மாடிக்குப் போகிற தண்ணீரை அடைத்துவிட்டார். அடைத்ததும் அந்த ஆள் நேரே போலீஸ் ஸ்டேஷன் போய்விட்டார். வாடகை பாக்கி எவ்வளவு இருந்தாலும் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது, சட்டமே அப்படித்தான். வாடகை தராதவர் புகார் கொடுத்தவராகவும், வீட்டைக் கொடுத்தவர் பதில் சொல்கிறவராகவும் நின்றார்கள். ஒரு வழியாகக் காலி பண்ணிப் போகும்போது குழாயையெல்லாம் கழற்றிக்கொண்டு போனார்கள் என்பதைச் சொன்னால் நீ சிரிப்பாய். அவர் இன்னும் சிரிக்கவில்லை.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வக்கீல் மாமாவிடம் கேட்டுக்கொண்டதுதான். 1960ஆம் வருஷத்துப் பழைய வாடகைச் சட்டம் இப்போது இல்லை. 2017இல் போட்ட புதுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. வாடகை என்றால் எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. எழுத்தில் நம் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட முடியாது. இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் கட்டாவிட்டால், வீட்டைத் திரும்பக் கேட்டு வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். பரவாயில்லை, நல்ல சட்டம்தான். ஆனாலும் அங்கே போய் நிற்க ஒரு ஆள் வேண்டுமே? நீ மஸ்கட்டிலிருந்து எத்தனை வாய்தாவுக்கு வருவாய்? அப்பாவுக்கு முழங்கால் வலி. நான்தான் அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் பிடித்து வர வேண்டும்.

பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டால் வீடு குடியிருக்கிறவருக்கே போய்விடும் என்று உன் மாமியார் பயமுறுத்தினாராமே. வாடகைக்கு என்று நாம் சம்மதித்து உள்ளே விட்டவர் அப்படிக் கேட்க முடியாது, அந்தப் பயம் வேண்டாம். நீ சொன்ன ஒத்தி யோசனையும் வேண்டாம். மாத வாடகை இல்லாமல் மொத்தமாக ஐந்து லட்சம் வாங்கிக் கடனில் கட்டிவிடலாம் என்கிறாய், சரி. அவர் காலி பண்ணுகிற அன்றைக்கு அந்த ஐந்து லட்சத்துக்கு எங்கே போவாய்? பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் அவரை எழுந்திருக்கச் சொல்லவும் முடியாது.

இதற்கிடையில் வேறு ஒரு குடும்பம் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. கணவருக்குக் கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை, அந்தப் பெண் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான்தான் சாவியோடு போயிருந்தேன். அந்தப் பெண் உள்ளே வந்ததும் நேரே அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கையில் பிடித்து முகர்ந்து பார்த்தாள். ஆற்றுத் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, 2023 டிசம்பர் மழையில் தெருவில் தண்ணீர் நின்றதா, நைட் டியூட்டி முடிந்து வந்தால் கேட்டைத் திறக்கச் சிரமமா, இப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள். குளியலறைக் குழாய் சொட்டுகிறது, அதைச் சரி பண்ணித் தருவீர்களா என்றும் கேட்டாள். வாடகை 11,500 என்றால் வசதியாக இருக்கும் என்றார்கள். எனக்குப் பிடித்துவிட்டது. அந்த வீட்டில் இருக்கப்போகிறவள்தான் இப்படித் துருவித் துருவிக் கேட்பாள்.

பிடித்துப்போனதால் விசாரிக்காமல் விடப்போவதில்லை. இப்போது இருக்கிற வீட்டுக்காரரிடம் கேட்டால் 'தங்கமான மனுஷங்க' என்பார். நிஜமாகவும் இருக்கலாம், தொல்லை போனால் சரி என்று சொல்வதாகவும் இருக்கலாம். அதற்கு முந்தின வீட்டுக்காரருக்கு அந்த அவசியம் இல்லை. தச்சநல்லூரில் இருந்தார்களாம், அவர் நம்பரை வாங்கி அப்பா பேசுகிறார். நான் அந்தத் தெரு மளிகைக்கடையில் ஒரு கிலோ பருப்பு வாங்கிக்கொண்டு பேச்சுக் கொடுக்கிறேன். பற்று வைத்துவிட்டுத் தலையை மறைக்கிற ஆள் என்றால் கடை அண்ணாச்சிக்குத்தான் முதலில் தெரியும். ஆதார், ஆபீஸ் அடையாள அட்டை, சம்பளம் ஏறுகிற பேங்க் கணக்கின் நகல் மூன்றையும் கேட்டிருக்கிறேன். முகம் சுளிக்காமல் சரி என்றார்கள். போலீஸ் வெப்சைட்டில் வாடகைக்கு வருகிறவரைச் சரிபார்க்க விண்ணப்பம் இருக்கிறதாம், அதை நீயே போடு. சாவி கொடுக்கிற அன்று சுவர், ஜன்னல், ஃபேன், மீட்டர் ரீடிங் எல்லாம் போட்டோ எடுத்து இரண்டு பக்கமும் வைத்துக்கொள்ளலாம். அது அவர்களுக்கும் பாதுகாப்பு. அட்வான்ஸைப் பிடித்துக்கொண்டு 'சுவர்ல ஆணி அடிச்சிட்டீங்க' என்று கணக்குச் சொல்கிற வீட்டுக்காரர்களும் இந்த ஊரில் உண்டு, எய்யா.

ஒப்பந்தத்தில் உனக்காக நான் கையெழுத்துப் போட வேண்டுமானால் பவர் பத்திரம் வேண்டும். மஸ்கட் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அசலை அனுப்பு. இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டிச் சரிபண்ண வேண்டும், அதை வக்கீல் மாமா பார்த்துக்கொள்வார். விற்கிற அதிகாரமெல்லாம் சேர்த்து எழுதிவிடாதே. வாடகைக்கு விட, வாடகை வாங்க, வழக்கு வந்தால் நடத்த, இவ்வளவு போதும். அம்மாதானே என்று நினைக்கலாம், காகிதம் நாளைக்கு யார் கையில் இருக்குமோ.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவர்கள் மறுபடி வருகிறார்கள். உனக்கு அப்போது நாலரை, லீவுதானே, வீடியோவில் வந்து நீயே பேசு. புரோக்கரிடம் அந்த லட்ச ரூபாய்க்காரரையும் ஆதாரோடு நேரில் வந்து வீட்டைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.

குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்ற பிளம்பரிடம் சொல்லியாயிற்று. நம்பர் தனியாக அனுப்புகிறேன், அவனுக்கு நானூறு ரூபாய் போட்டுவிடு.

அம்மா