குப்பைக் குழாய்க்கு மீட்டர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் நானும் என் கணவரும் இருபது வருடத்துக்கும் மேலாகச் சின்ன மளிகைக் கடை நடத்துகிறோம். எங்களுக்குக் குளிர்பானம் போடும் தம்பி போன வாரம் வந்து, 2026 ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து பானம் வரும் பிளாஸ்டிக் போத்தல், டின் ஒவ்வொன்றுக்கும் பத்துக் காசு வைப்புத்தொகை சேர்த்து வாங்கவேண்டும் என்று விளக்கிவிட்டு ஒரு தாளையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து கடையில் இதே பேச்சுதான். "விலை ஏத்தினது எல்லாம் போதாதுன்னு இப்ப காலி டின்னுக்குமா காசு?" என்று மூன்றாம் மாடி அக்கா ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். "விலையேற்றம் இல்லைக்கா, டின்னைத் திருப்பிக் கொடுத்தா காசும் திரும்பி வந்துடும்" என்றேன். "அதை யாரு தூக்கிட்டுப் போறது?" என்றார்.

நியாயமான கேள்வி. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடையில் தினமும் பத்துப் பதினைந்து அட்டைப்பெட்டிகள் காலியாகும். அவற்றை வெளியே வைத்தால் அரை மணி நேரம்கூட இருக்காது. ஒரு சீனப் பாட்டி வருவார், எழுபத்தைந்து வயதாவது இருக்கும், பெட்டியின் அடியில் இருக்கும் ஒட்டுநாடாவை ஒரே இழுப்பில் கிழித்து, தட்டையாக மடித்து, தள்ளுவண்டியில் விளிம்போடு விளிம்பு சேர்த்து அடுக்கி, மேலே ரப்பர் கயிற்றை இழுத்து மாட்டிவிட்டுப் போவார். மழை வந்தால் தன் தலையை விட்டுவிட்டு அட்டையைத்தான் மூடுவார், நனைந்ததை எடைக்காரர் எடுக்கமாட்டார் அல்லது எடையில் கழித்துவிடுவார். இவ்வளவு பாடுபட்டும் கிலோவுக்குப் பத்துக் காசு கிடைத்தாலே நல்ல நாள் என்கிறார். அந்தப் பாட்டிக்கு யாரும் சுவரொட்டி ஒட்டி மறுசுழற்சியின் அவசியத்தைச் சொல்லித் தரவில்லை. அட்டைக்கு விலை இருக்கிறது, அதனால் அட்டை போய்விடுகிறது. அதே கடை வாசலில் தயிர் டப்பா, சிப்ஸ் உறை, முட்டை வரும் பிளாஸ்டிக் தட்டு எல்லாம் நாள் முழுக்கக் கிடந்தாலும் ஒருவரும் குனிந்து எடுப்பதில்லை.

நாடு முழுக்க இதே கதைதான். நம் ஊரில் இரும்பிலும் கட்டுமான இடிபாடுகளிலும் ஏறத்தாழ 99 விழுக்காடு மறுசுழற்சிக்குப் போகிறது. பிளாஸ்டிக்கில் போவது 5 விழுக்காடு அளவுதான். கட்டுமான முதலாளிகளெல்லாம் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள், வீட்டில் இருக்கும் நாம் மட்டும் பொறுப்பில்லாதவர்கள் என்று இதற்கு அர்த்தமா? பழைய இரும்பை வாங்க ஆள் இருக்கிறார்கள், மயோனைஸ் ஒட்டிய பிளாஸ்டிக் டப்பாவை வாங்க யாரும் இல்லை, விஷயம் அவ்வளவுதான்.

வீடுகளின் மறுசுழற்சி விகிதம் 2018இல் 22 விழுக்காடாக இருந்து 2024இல் 11 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. சரிபாதி. இந்த எண் வெளிவரும்போதெல்லாம் "மக்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்று ஒரு பாட்டு பாடுவார்கள். ஆறே வருடத்தில் மக்கள் பாதி மறந்துபோனார்களா என்ன? 2018இல் சீனா தரம் பிரிக்காத வெளிநாட்டுக் குப்பைக் காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் கதவைச் சாத்தியது. நம்மிடம் காகித ஆலை கிடையாது, சேர்த்த காகிதத்தைக் கப்பலில் ஏற்றி அனுப்பினால்தான் காசு. அப்புறம் கொவிட் காலத்தில் கப்பல் கட்டணமும் எகிறியது. ஏற்றி அனுப்பும் செலவு காகிதத்தின் விலையைத் தின்றுவிட்டால் எந்த வியாபாரி அனுப்புவார்? அதோடு வீட்டுக்கு வரும் செய்தித்தாளும் குறைந்துவிட்டது. (உங்கள் நாளிதழையே நான் இப்போது கைப்பேசியில்தான் படிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.) ஞாயிற்றுக்கிழமை ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு மாடி மாடியாக வந்து பழைய சாமான் வாங்கும் காராங் குனி அங்கிளிடம் கேட்டேன், பழைய பேப்பருக்கு என்ன தருகிறார்கள் என்று. "மூரா, மூரா" என்று கையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். மலிவு என்று சொல்லக்கூட அவருக்கு நிற்க நேரமில்லை, அந்தக் காசுக்கு நின்று பேசினால் கட்டாது.

இனி மறுசுழற்சிப் பொருள் போடும் அந்த நீலத் தொட்டி. எங்கள் கடையிலிருந்து இருபதடி தூரத்தில் ஒன்று நிற்கிறது, அதனால் அதன் வயிற்றுக்குள் போவதையெல்லாம் விரும்பியோ விரும்பாமலோ பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பாதி குடித்த பபுள் டீ, எண்ணெய் சொட்டும் நாசி லெமாக் பொட்டலம், தலையணை, ஒற்றைச் செருப்பு, டுரியான் தோல், ஒருமுறை மீன்தொட்டியே வந்தது. அதற்குள் போடப்படுவதில் 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு உதவாதது என்று தேசியச் சுற்றுப்புற வாரியமே சொல்கிறது. ஒரு பபுள் டீ கவிழ்ந்தால் பக்கத்தில் இருக்கும் நல்ல காகிதமும் போச்சு. இதைத் தனி லாரி வந்து அள்ளிக்கொண்டு போகவேண்டும், பிரிக்கும் கூடத்தில் இயந்திரம் பாதி, மனிதர் கை பாதியாகப் பொறுக்கவேண்டும், கழித்ததை மறுபடியும் லாரியில் ஏற்றி எரியாலைக்கு அனுப்பவேண்டும். நேராக மாடியிலிருந்து கீழே இறங்கும் குப்பைக் குழாயில் போட்டிருந்தால் ஒரு லாரியோடு போயிருக்கும், இப்போது இரண்டு லாரி கூலி.

தப்பு செய்தவருக்கு இதில் ஒரு காசு நஷ்டம் உண்டா? இல்லை. ஒழுங்காகக் கழுவிக் காயவைத்துப் போட்டவருக்கு ஒரு காசு லாபம் உண்டா? அதுவும் இல்லை. நம் ஊர் குப்பைக் கணக்கில் இருக்கும் ஓட்டையே இதுதான் என்பது என் எண்ணம். குப்பை அள்ளும் கட்டணமாக வீவக வீடு ஒவ்வொன்றும் மின்சார பில்லோடு சேர்த்து மாதம் சுமார் பத்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டுகிறது. என் மாமியார் தனியாக இருக்கிறார், இரண்டு நாளைக்கு ஒரு சின்னப் பைதான் போடுவார். எதிர்வீட்டில் ஏழு பேர், தினமும் மூன்று பை, வாரத்துக்கு நாலு முறை ஆன்லைன் பொட்டலம் வேறு. இரண்டு வீட்டுக்கும் பில் ஒன்றுதான். தண்ணீருக்கு மீட்டர் இருக்கிறது, மின்சாரத்துக்கு இருக்கிறது, அதனால்தான் பிள்ளைகள் அறையை விட்டு வந்தவுடன் ஏர்கானை அணைக்கச் சொல்லிக் கத்துகிறோம். குப்பைக் குழாய்க்கு மீட்டர் இல்லை. மூடியைத் திறந்து தள்ளினால் தடதடவென்று கீழே போகும் சத்தத்தோடு நம் கணக்கு முடிந்தது.

செலவு அங்கேதான் தொடங்குகிறது. எரியாலையில் எரித்தால் குப்பையின் கன அளவு 90 விழுக்காடு குறையும், மீதிச் சாம்பலைத் துவாஸிலிருந்து படகில் செமாக்காவுக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். இரண்டு தீவுகளுக்கு நடுவே கடலில் 7 கிலோமீட்டருக்குக் கல்லணை கட்டி உண்டாக்கிய இடம் அது, 610 மில்லியன் வெள்ளி செலவில் 1999இல் திறந்தார்கள். இந்த வேகத்தில் போனால் 2035க்குள் நிரம்பிவிடும் என்கிறார்கள். அதோடு, இப்படியே குப்பை பெருகினால் ஏழிலிருந்து பத்து வருடத்துக்கு ஒரு புது எரியாலையும், 30 முதல் 35 வருடத்துக்கு ஒரு புதுச் செமாக்காவும் வேண்டுமாம். நமக்கு இருக்கும் கடலில் எத்தனை செமாக்காவ் கட்டுவது?

தென்கொரியாவில் 1995இலிருந்து குப்பைக்கென்று காசு கொடுத்து வாங்கும் பையில்தான் குப்பை போடவேண்டும், நிறையப் போட்டால் நிறையப் பை வாங்கவேண்டும். தைப்பேயிலும் 2000இலிருந்து அப்படித்தான். இங்கேயும் செய்யலாமே என்று என் மகன் கேட்டான். நம் அடுக்குமாடியில் நடக்காது. பத்துப் பதினைந்து மாடிக்கும் ஒரே குழாய், எந்தப் பை யார் வீட்டுப் பை என்று யார் பார்ப்பது? கேமரா வைப்பார்களா? கட்டணத்தைத் தப்பிக்க நினைப்பவர் மாடிப்படியில் வைத்துவிட்டுப் போவார், அதைக் கூட்டும் பங்களாதேஷ் தம்பிதான் பாவம். ஹாங்காங் இப்படியொரு திட்டத்தைப் பல வருடம் தயார் செய்துவிட்டு 2024இல் கிடப்பில் போட்டது.

ஆகவே தூக்கிப் போடும்போது காசு வாங்க முடியாத ஊரில், வாங்கும்போதே வாங்கிக்கொள்வதுதான் வழி. 2023 ஜூலையில் பெரிய பேரங்காடிகளில் பிளாஸ்டிக் பைக்குக் குறைந்தது ஐந்து காசு என்று வந்தபோதும் இதே அக்காமார் இதே மாதிரிதான் பொங்கினார்கள். இப்போது எல்லார் கையிலும் துணிப்பை. ஐந்து காசில் யாரும் ஏழையாகிவிடவில்லை, ஆனால் கேட்டு வாங்கவேண்டுமே என்ற கூச்சம் வேலை செய்கிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எங்களைப் போன்ற சின்னக் கடைக்கு அந்த விதி கிடையாது, நாங்கள் இன்னும் சும்மாதான் கொடுக்கிறோம். அங்கே துணிப்பையோடு போகிறவர்கள் இங்கே வந்து "குப்பைக்கு ஆகும், ரெண்டு பை சேர்த்துக் குடுங்க" என்று கேட்டு வாங்கிப்போகிறார்கள். பைச் செலவு என் தலையில்.

பத்துக் காசு விஷயமும் புதிதில்லை. என் மாமனார் கடை வைத்திருந்த காலத்தில் குளிர்பானம் கண்ணாடிப் போத்தலில் வரும், காலிப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தால் காசு. போத்தல் பொறுக்கியே சினிமாவுக்குப் போன கதைகளை என் கணவர் இன்னும் சொல்வார். அப்புறம் டின்னும் பிளாஸ்டிக் போத்தலும் வந்தன, திருப்பி வாங்கிக் கழுவும் செலவு கம்பெனிக்கு மிச்சமானது, அந்தச் செலவு மாயமாகவில்லை, ஊர்ப் பணத்தில் குப்பை அள்ளும் கணக்குக்கு மாறிக்கொண்டது. இப்போது அதைக் கொஞ்சம் திருப்பி விற்பவர், வாங்குபவர் பக்கம் தள்ளுகிறார்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் சின்னக் கடைக்காரியாக இரண்டு குறை உண்டு. 24 டின் உள்ள ஒரு பெட்டிக்கு இரண்டு வெள்ளி நாற்பது காசு நான் முதலில் கட்டவேண்டும். ஐம்பது பெட்டி இறக்கினால் 120 வெள்ளி, விற்றுத் தீரும்வரை என் காசு முடங்கிக் கிடக்கும். இரண்டாவது, 200 சதுர மீட்டருக்கு மேலான பேரங்காடிகள் திருப்பிக் கொடுக்கும் இடம் அமைக்கவேண்டும் என்பது விதி. டின்னைப் போட அங்கே போகிறவர் பாலையும் ரொட்டியையும் அங்கேயே வாங்கிக்கொண்டு வந்துவிடுவார், திரும்ப என் கடைக்கு எதற்கு வரப்போகிறார்? எங்கள் கடையில் இயந்திரம் வைக்க இடமில்லை. புளோக்கின் கீழ்த்தளத்தில், நீலத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தால் எல்லாருக்கும் பொது. திருப்பித் தராத டின்களின் காசு திட்டச் செலவுக்கே போகும் என்கிறார்கள். நடத்துவது லாப நோக்கமில்லாத அமைப்பு என்றாலும் அதை அமைத்தவை பானக் கம்பெனிகள்தான், அதனால் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்ற கணக்கை வருடாவருடம் எங்களைப் போன்றவர்களுக்கும் புரிகிற மாதிரி வெளியிடவேண்டும்.

சரி, அக்காவின் கேள்விக்கு வருகிறேன். யார் தூக்கிக்கொண்டு போவது? காராங் குனி அங்கிள் தூக்குவார். ஒரு காலி டின் பதினாலு, பதினைந்து கிராம்தான் இருக்கும், எழுபது டின் சேர்ந்தால் ஒரு கிலோ. பழைய உலோகமாகப் போட்டால் அவருக்கு ஒரு வெள்ளி, கொஞ்சம் கூடக் குறைய. அதே எழுபது டின்னுக்கு இனி ஏழு வெள்ளி. போன ஞாயிறு இதைக் கடைப் பெட்டியின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். இந்தமுறை நின்றார். பேனாவை வாங்கித் தானே ஒருமுறை பெருக்கிப் பார்த்தார். பிறகுதான் நான் அடுத்ததைச் சொன்னேன், டின் நசுங்காமல் முழுசாக இருந்தால்தான் இயந்திரம் எடுத்துக்கொள்ளும் என்று. அவர் ஆயுள் முழுக்க டின்னைக் காலால் மிதித்துத் தட்டையாக்கிச் சாக்கில் போட்டுப் பழகியவர். மிதிக்காத எழுபது டின் ஒரு பெரிய சாக்கை அடைக்கும், அவர் தள்ளுவண்டியில் இரண்டு சாக்குக்கு மேல் ஏறாது, பக்கத்துப் பேரங்காடி வாசலில் ஆறு படி வேறு. "படியில்லாத இடத்துல வைக்கச் சொல்லு" என்று தன் அரைகுறை மலாயில் என்னிடம் சொல்லி அனுப்பினார். நகர மன்றத்துக்கும் எழுதியிருக்கிறேன், உங்கள் பக்கத்திலும் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸ் வாசகி