மருந்து விலைத் தேடலுக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

மருந்துச் சீட்டில் இருக்கிற பிராண்ட் பெயரைத் தட்டினால், அதே மருந்து பக்கத்தில் எங்கே குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்று காட்டும் நம் கருவி இப்போது தமிழில் கைபேசியிலேயே நன்றாக ஓடுகிறது. வாழ்த்துகள் எனக்கு வந்துகொண்டிருக்கின்றன. நிரல் எழுதியது நான்தான், ஆனால் இந்த வேலையில் அது சின்னப் பங்கு. விலைகளை வரிசையாக அடுக்குவது பெரிய காரியம் இல்லை. இரண்டு மாத்திரை அட்டைகளில் இருப்பது உண்மையிலேயே ஒரே மருந்துதானா என்று அடித்துச் சொல்லத்தான் ஆள் வேண்டும், அந்த ஆட்களைப் பற்றித்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஊரையும் வேலையையும் மட்டும் சொல்கிறேன்.

முதலில் மதுரை மருந்தாளுநர் அக்கா. கடையில் கூட்டம் குறைந்த பிறகு இரவு உட்கார்ந்து எங்கள் பட்டியலை வரி வரியாகப் படித்தார். மெட்டோபுரோலால் என்ற பிபி, இதய மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அட்டைகளிலும் 50 மி.கி. என்றே இருக்கும், ஆனால் ஒன்றில் சக்சினேட், மெதுவாகக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்வது; இன்னொன்றில் டார்ட்ரேட், சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் பொதுவாக ஒரு நாளைக்கு இரண்டு வேளை தருவது. விலை குறைவு என்று ஒன்றுக்குப் பதில் மற்றதைக் காட்டினால் நோயாளிக்கு அது கெடுதல். மூலப்பெயர் (பிராண்டுக்குள் இருக்கும் மருந்தின் சொந்தப் பெயர்), அதன் உப்பு (சக்சினேட், டார்ட்ரேட் மாதிரி), அளவு, எப்படிக் கரையும் மாத்திரை, இந்த நான்கும் பொருந்தினால்தான் 'அதே மருந்து' என்று போட வேண்டும் என்பது அக்கா வைத்த விதி, இன்றுவரை அதைத் தளர்த்தவில்லை. கூட்டு மருந்துகளையும் அவரேதான் பிரித்துக் கொடுத்தார். டெல்மிசார்டன் என்ற பிபி மாத்திரையின் பிராண்டுகளில் பெயருக்குப் பின்னால் ஏஎம் என்று வந்தால் பெரும்பாலும் அம்லோடிபின் சேர்ந்தது, ஹெச் என்று வந்தால் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்தது. சீட்டு வைத்திருக்கும் பெரியவருக்கு அந்தக் கடைசி எழுத்து கண்ணில் படாது, கருவிக்குப் பட்டாக வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

லெவோதைராக்சின் (தைராய்டுக்கு), ஃபெனிட்டாயின் (வலிப்புக்கு), வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் இருக்க) மாதிரி சில மருந்துகளுக்கு விலைக்கு மேலே சிவப்புக் கட்டம் வருகிறது, கவனித்திருப்பீர்கள். இவற்றில் ரத்தத்தில் சேரும் அளவு கொஞ்சம் மாறினாலும் பாதிப்பு வரலாம். பிராண்டை மாற்றுவதாக இருந்தால் மருத்துவரைக் கேட்டு, தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனையும் செய்துதான் மாற்ற வேண்டும். அந்தப் பட்டியலும் அக்காவுடையதுதான். அக்கா, உங்களால் யாரோ ஒருவருக்கு நின்றிருந்த வலிப்பு திரும்ப வராமல் இருந்திருக்கலாம், அது யார் என்று நமக்குத் தெரியப்போவதில்லை.

தஞ்சாவூர் டாக்டர் அம்மாவுக்கு அடுத்த நன்றி. விலை குறைந்த மாற்று தெரிந்த பிறகும் மக்கள் கடையில் போய் முட்டிக்கொண்டு நின்றார்கள். காரணம் இதுதான்: ஷெட்யூல் ஹெச் மருந்துகளில், அதாவது மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டியவற்றில், சீட்டில் எழுதிய பிராண்டுக்குப் பதிலாக வேறு பிராண்டைக் கடைக்காரர் தானாகவே மாற்றித் தர விதி இடம் கொடுப்பதில்லை. மருத்துவர்கள் மூலப்பெயரில்தான் எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த விதிமுறையும் அதே மாதத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. ஆக, மாற்றம் மருத்துவரின் மேஜையில்தான் நடக்க வேண்டும். டாக்டர் அம்மா அதற்காக அரைப் பக்கக் குறிப்பு ஒன்று எழுதித் தந்தார்: மருந்தின் மூலப்பெயர், அளவு, இப்போது கொடுக்கும் விலை, "முடிந்தால் மூலப்பெயரில் எழுதித் தாருங்கள் டாக்டர்" என்று மரியாதையாக ஒரு வரி. கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கைபேசியை அப்படியே நீட்டினால் போதும். கருவியில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அதுதான்.

தருமபுரிப் பக்கத்துக் கிராம செவிலியர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சுகர் மாத்திரையும் பிபி மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சும்மாவே கொடுக்கிறோமே, அதை ஏன் முதலில் காட்டவில்லை?" அதுவரை நாங்கள் எல்லோரும் கடைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். 1994 இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புவதும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருவதும் நம் ஊரில் இருக்கும் பெரிய வசதி. இப்போது மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைத் தேடினால் முதல் வரியில் அரசு சுகாதார நிலையம் வரும், அப்புறம் மத்திய அரசுத் திட்டமான மக்கள் மருந்தகம், மாநில அரசுத் திட்டமான முதல்வர் மருந்தகம், அதற்குப் பிறகுதான் மற்ற பிராண்டுகள். நன்றிங்க சிஸ்டர்.

திருநெல்வேலியில் மருந்து மொத்த வியாபாரம் பார்த்து ஓய்வுபெற்ற ஐயா விலைக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தார். 2013 விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அத்தியாவசியப் பட்டியலில் இருக்கும் மருந்துக்கு உச்சவரம்பு உண்டு, ஒவ்வொரு ஏப்ரலிலும் மொத்த விலைக் குறியீட்டைப் பார்த்து அதை மாற்றுவார்கள் (2023 இல் 12 விழுக்காட்டுக்கும் மேல் ஏற்ற இடம் கொடுத்தார்கள்). பட்டியலில் இல்லாத மருந்தின் விலையை வருடத்துக்கு 10 விழுக்காடு வரை ஏற்றலாம். உச்சவரம்பில் ஜிஎஸ்டி சேராது, எம்ஆர்பியில் சேரும், ஆகவே இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது. ஒரு அட்டையில் 10 மாத்திரை, இன்னொன்றில் 15 என்று வரும்போது அட்டை விலையை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை, ஒரு மாத்திரைக்கு எவ்வளவு என்றுதான் பார்க்க வேண்டும். மக்கள் மருந்தகத்தில் ஏன் இவ்வளவு குறைவு, மட்டமான சரக்கா என்று கேட்கிறவர்களுக்கு அவர் எழுதிய பதிலையும் அப்படியே போட்டிருக்கிறோம்: முன்னணி பிராண்டுகள் மூன்றின் சராசரி விலையில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது அங்கே கொள்கை, ஒவ்வொரு தொகுப்பும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் கடைக்கு வருகிறது.

கோவை பார்மசி மாணவர்களே, 2025 செப்டம்பரை மறக்க முடியுமா! 22 ஆம் தேதி முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது, சில உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே இல்லை என்றானது, எங்கள் பட்டியலில் இருந்த விலை எல்லாம் ஒரே நாளில் பழசாகிவிட்டது. கடைகளில் இருந்த பழைய அட்டைகளில் பழைய எம்ஆர்பியே அச்சாகியிருந்தது, பில்லில் மட்டும் புது விலை. நீங்கள் தேர்வுக்குப் படிக்கிற நேரத்தில் ஆளுக்கொரு நோய்ப் பிரிவாகப் பிரித்துக்கொண்டு புது விலைகளைச் சரிபார்த்தீர்கள். உங்கள் ஆசிரியர்களுக்கும் என் வணக்கம்.

பெங்களூரில் தமிழ்க் கணினி வேலை செய்யும் நண்பருக்கும் கடன்பட்டிருக்கிறேன். நம் ஆட்கள் மருந்துப் பெயரைக் காதில் விழுந்தபடிதான் தட்டுவார்கள், ககரமும் பகரமும் பல ஒலிகளுக்குப் பொது, அதனால் ஒலியை வைத்துத் தேடும் முறையை அவர் உருவாக்கினார். கூடவே ஒரு தடையையும் வைத்தார்: கருவி தானாக எந்தப் பெயரையும் தேர்ந்தெடுக்காது. ஹைட்ராலசின் பிபிக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு. காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான், மாறினால் ஆபத்து. அதனால் பெயரோடு அது எதற்கான மருந்து என்பதையும் காட்டி, ஆளையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறது.

அப்புறம் அட்டைகளைப் படம் எடுத்து அனுப்பிய அத்தனை பேரும், ஊர் ஊராக மருந்தகங்களுக்குப் போன் போட்டு "அண்ணே, இந்த மாத்திரை இருக்கா?" என்று கேட்டுச் சொன்னவர்களும். பட்டியலில் கடை இருப்பது வேறு, கடையில் மாத்திரை இருப்பது வேறு. அலைந்து ஏமாந்து திரும்புகிற வயதானவர்களுக்கு நீங்கள் மிச்சப்படுத்தியது ஒரு நாள் பஸ் செலவும் கால்வலியும். பொறுமையாகப் பதில் சொன்ன கடைக்காரர்களுக்கும் நன்றி.

இன்சுலினும் புற்றுநோய் மருந்துகளும் இன்னும் சேரவில்லை. இன்சுலினில் வகையும் செறிவும் பேனாவும் குப்பியும் என்று பொருத்தம் பார்க்க வேண்டியது அதிகம். சேலத்திலிருந்து நர்ஸ் ஒருவரும் வேலூரிலிருந்து மருந்தாளுநர் ஒருவரும் அதைத் தொடங்கியிருக்கிறார்கள், இன்னும் இரண்டு பேர் கை கொடுத்தால் நல்லது. மற்றவர்கள் வழக்கம்போல அட்டைப் படம் அனுப்புங்கள். மூலப்பெயர் சின்ன எழுத்தில் பின்பக்கம்தான் இருக்கும், அதனால் பின்பக்கத்தையும் எடுங்கள். உங்கள் பெயர், வயது, நோய் விவரம் இருக்கிற மருந்துச் சீட்டை மட்டும் தயவுசெய்து அனுப்ப வேண்டாம், அட்டையே போதும்.