செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், திரளாக வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நம் நலச் சங்கத்தின் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மழைநீர் வடிகால் தூர்வாரியது, கொசு மருந்து அடித்தது, பொங்கல் விழா எல்லாம் வழக்கம்போல் நடந்தன. இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியதும் அதிகம் சண்டை போட்டதும் ஒரே கேள்விக்காகத்தான்: நம் தெருவும் பூங்காவும் யாருக்காக?

முதலில் பூங்கா வாசல். பைக் உள்ளே வரக் கூடாது என்று வைத்த சுழல்கதவு, பைக்கோடு சேர்த்து சக்கர நாற்காலியையும், குழந்தை வண்டியையும், வாக்கர் பிடித்து நடக்கும் பெரியவர்களையும் தடுத்துவந்தது. மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத் திறனாளிகளுக்கான மரப்பாதை திறந்தபோது போய்வந்த நம் உறுப்பினர் ஒருவர் பொதுக்குழுவில் சொன்னார்: "கடல் பக்கத்துல வரைக்கும் போயிட்டேன். நம்ம தெரு பார்க்குக்குள்ள போக முடியல." அதற்குமேல் விவாதம் தேவைப்படவில்லை. மாநகராட்சிப் பூங்காத் துறைக்கு மனு கொடுத்து, கதவை எடுத்துவிட்டு, சக்கர நாற்காலி நுழையும் இடைவெளியில் கம்பங்கள் நட்டாயிற்று. படியை ஒட்டிச் சாய்தளமும் வந்துவிட்டது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் அது கட்டப்பட்டதா என்று அந்த உறுப்பினரே நின்று அளந்து பார்த்தார். மெரினா பாதை அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்யப்பட்டது நினைவிருக்கும். கட்டினால் போதாது, பராமரிக்கவும் ஆள் வேண்டும். நம் சாய்தளத்துக்கு அந்தப் பொறுப்பைச் சங்கம் ஏற்றிருக்கிறது.

அடுத்து, மகளிர் குழு நடத்திய மாலை நேர நடை. ஏழு மணிக்குமேல் கல்லூரி மாணவிகளும் வீட்டுவேலை முடித்துத் திரும்பும் பெண்களும் சேர்ந்து தெருத் தெருவாக நடந்து, பயமாக இருக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்தார்கள். விளக்கு இல்லாத இடங்கள்தான் வரும் என்று எதிர்பார்த்தோம். ஆனால் விளக்கு இருந்தது. தூங்குமூஞ்சி மரக் கிளைகள் வெளிச்சத்தை மேலேயே மறைத்திருந்தன. அதைவிடப் பெரிய சிக்கல், பள்ளியின் நீண்ட மதில் ஓரம் வரிசையாக நிற்கும் வேன்கள். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வேன். நடுவில் மாட்டிக்கொண்டால் யார் கண்ணிலும் படமாட்டோம் என்றார் ஒரு மாணவி. கிளைகளைக் கவாத்து செய்தாயிற்று. மரத்தை வெட்ட விடவில்லை. வேன்கள் இன்னும் நிற்கின்றன.

அப்புறம், பேருந்து நிறுத்தக் கடைகள். டிபன் வண்டியையும் பூக்கடையையும் அகற்றக் கோரித் தீர்மானம் வந்தது. நடைபாதை அடைபடுகிறது என்ற குறை நியாயமானதே. ஆனால் மகளிர் குழு கொண்டுவந்த வரைபடத்தில், இரவில் பயமில்லாத இடம் என்று எல்லோரும் குறித்தது அந்த நிறுத்தத்தைத்தான். பூக்கார அக்கா ஒன்பது மணி வரை உட்கார்ந்திருக்கிறார், அதனால் அங்கே நிற்கிறோம் என்று காரணமும் சொன்னார்கள். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டமும், கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. சரி, பேசிப் பார்ப்போம் என்று முடிவாயிற்று. வண்டி ஓரமாக நகர்ந்தது, நடப்பதற்கு 1.8 மீட்டர் விடப்பட்டது. ஆளை விரட்டித் தெருவைக் காலியாக்கினால் பாதுகாப்பு வராது என்பதை நான் முழுமனதோடு நம்புகிறேன்.

அந்த 1.8 மீட்டர் அளவை நம் வீட்டு வாசல்களுக்கும் வைக்க வேண்டும். கார் ஏற்றுவதற்காக நடைபாதைமேல் போட்ட சாய்தளங்களைச் சில உறுப்பினர்கள் தாமாகவே இடித்துச் சரிசெய்தார்கள், அவர்களுக்கு நன்றி. மற்றவர்களும் செய்ய வேண்டும்.

பூங்காவில் உட்கார்ந்திருந்த திருநங்கையர் இருவரைக் காவலாளி எழுப்பி அனுப்பிய செய்தி வந்தபோது, செயற்குழு உடனே கூடியது. மூடும் நேரம் எல்லோருக்கும் ஒன்று, அதற்கு முன் யாரையும் தோற்றம் பார்த்து அனுப்பக் கூடாது என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அவர்களை நேரில் பார்த்து வருத்தமும் தெரிவித்தோம்.

பெண்கள் கழிப்பறை மட்டும் இன்னும் பூட்டியே கிடக்கிறது. மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணில் தொடர்ந்து புகார் செய்து வருகிறோம். காலையில் துப்புரவுப் பணிக்கு வரும் பெண்களுக்கு இந்த வட்டாரத்தில் வேறு இடமே இல்லை. இதை நாம் தள்ளிப்போட முடியாது.

இன்றைய ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்கள்: கழிப்பறை, வேன் நிறுத்தம் இரண்டையும் அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் எழுப்புவது, மாலை நடையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடத்துவது, செயற்குழுவில் மாற்றுத் திறனாளி ஒருவருக்கும் தெரு வியாபாரி ஒருவருக்கும் இடம் ஒதுக்குவது. மூன்றாவதற்கு விதித் திருத்தம் தேவை என்பதால் கை தூக்கி வாக்களிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்