கன்னியா வீதி மண்மேடுகளுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

கன்னியா வீதியோரத்தில் நாங்கள் கட்டிய டேர்ட் ஜம்ப், அதாவது மண்மேட்டில் ஏறிப் பாயும் சைக்கிள் களம் சென்ற சனிக்கிழமை முதல் பிள்ளைகளின் பாவனைக்கு வந்துள்ளது. உதவியவர்களை வீடு தேடிச் சென்று கண்டுவிட்டோம். ஆயினும் எங்களுக்கு எட்டாதிருந்த அறிவைத் தந்தவர்களைப் பற்றித் திருகோணமலை மக்கள் அனைவரும் அறிய வேண்டும் என்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் உப்புவெளியில் நாங்கள் அமைத்த முதல் மேட்டில் ஏறிப் பாயும் பக்கம் மட்டுமே இருந்தது, இறங்குமிடம் வெறுந்தரை. அதில் பாய்ந்த தம்பி ஒருவனின் காறை எலும்பு முறிந்தது. அது முழுவதும் எங்கள் பிழை.

அதன்பின் எங்களை அழைத்து இருத்திப் பேசிய கணித ஆசிரியைக்கு முதல் நன்றி. எறிந்த கல் விழும் வளைவைத் தடியால் நிலத்தில் கீறிக் காட்டி, சமதரையில் விழுபவனின் கீழ்நோக்கிய வேகம் முழுவதையும் அவனுடைய கைகால்களே தாங்க வேண்டியிருப்பதையும், விழும் திசைக்கு ஏறத்தாழ இணையாகச் சரிவு இருந்தால் சக்கரம் உருண்டு செல்வதால் அந்த அடியில் சிறு பங்கே உடலைச் சேரும் என்பதையும் அவர் விளக்கினார். ஆகவே இம்முறை இறங்குமேட்டை முதலில் அளந்தோம். ஏறுமேடு 4 அடி உயரம், 5 அடி அகலம். இறங்குமேடு 8 அடி அகலம். இடையிலுள்ள பள்ளத்தையும் நிரப்பி மேசைபோல் ஆக்கினோம். வேகம் போதாமல் பாய்பவன் எதிர்மேட்டில் மோதாமல் அந்த மேசையில் இறங்கிக்கொள்வான்.

மண்ணைப் பற்றிக் கற்பித்தவர் கந்தளாயிலிருந்து வந்த ஐயா. 1986 ஏப்ரல் 20இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தபின் நடந்த திருத்த வேலையில் மண்ணை இடித்து இறுக்கியவர் அவர். ஒரு நாளில் பெக்கோ இயந்திரத்தால் குவித்துவிட எண்ணியிருந்த எங்களை அவர் விடவில்லை. கடற்கரை மணல் சரியும், தனிக் களிமண் மேற்கிலிருந்து வீசும் வறண்ட கச்சான் காற்றில் வெடிக்கும் என்று சொல்லி, களியும் கிறவலும் கலந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து உருட்டிப் பெருவிரலால் அழுத்தினார். உருண்டை இரண்டாகப் பிளந்தால் ஈரம் சரி, அப்பினால் அதிகம், உதிர்ந்தால் போதாது. 6 அங்குலத்துக்கு ஒரு படையாக மண் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசு என்னும் இடிகட்டையால் இடித்து, அதன் பிறகே அடுத்த படை. அப்படி 11 வார இறுதிகள் சென்றன. கை கொப்பளித்த நாட்களில் அவரே திமிசை வாங்கி இடித்தார், 70 வயதைத் தாண்டியவர். ஐயா, உங்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது.

காணியைத் தந்த அம்மாவுக்கும், உழவு இயந்திரத்தில் மண் ஏற்றித் தந்த அண்ணாவுக்கும், வேலை முடியும்வரை தேத்தண்ணீர் ஊற்றித் தந்த அயல்வீட்டாருக்கும் நன்றி. கச்சான் குறுக்கே அடித்தால் அந்தரத்தில் சைக்கிள் விலகும் என்று எச்சரித்து, ஓட்டப் பாதையை மேற்கிலிருந்து கிழக்காகத் திருப்பச் சொன்ன மீனவப் பெரியவருக்கும் நன்றி. அதனால் மாலை வெயிலும் கண்ணில் அடிப்பதில்லை. ஐப்பசி மழைக்கு முன் மேடுகளை மூடுவதற்குப் படங்குகள் கிடைத்துவிட்டன, வடிகால் வெட்டும் வேலை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இறுதியாக, காறை எலும்பு முறிந்த தம்பியின் தாயாருக்கு. சனிக்கிழமை வேலியோரத்தில் நின்று, மகனின் தலைக்கவச வாரைத் தம் கையாலேயே இறுக்கி அனுப்பினீர்கள். அவன் மூன்று முறை மேசைமேல் மெதுவாக உருட்டிப் பார்த்தான். நான்காம் முறை பாய்ந்தான். இரு சக்கரங்களும் சரிவில் ஒன்றாகப் பட்டன. அம்மா, எங்களை மறுபடியும் நம்பியதற்கு நன்றி.

இவ்வண்ணம்,
களத்தைக் கட்டிய இளைஞர்கள்,
திருகோணமலை.