ஓய்வுக்குப் பின்னும் ஒரு பணி

ஆசிரியருக்கு வணக்கம்.

முதுமையில் சூழும் வெறுமை குறித்த தங்கள் தலையங்கம், வாழ்வின் பொருளைத் தேடுவோருக்குத் தியானத்தையும் தனிமையையும் பரிந்துரைத்திருந்தது. அவற்றின் பயனை மறுக்கவில்லை. ஆனால் தன்னை எவரும் எதிர்பார்க்கவில்லை என்று வருந்துபவருக்குத் தனிமை மேலும் சுமையாகவே முடியும். நாஜி வதைமுகாம்களிலிருந்து 1945இல் மீண்ட வியன்னா மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல், செய்யும் பணி, செலுத்தும் அன்பு, தவிர்க்க இயலாத துன்பத்தை எதிர்கொள்ளும் விதம் ஆகியவற்றின் வழியே மனிதர் வாழ்வுக்குப் பொருள் காண்கிறார் என்று வலியுறுத்தினார்.

கோத்தகிரியில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். வேலை நின்றபின் யாரோடும் பேசாமல் முடங்கிக் கிடந்தவர், இப்போது இம்மலையின் சோலைக்காடுகளுக்கு உரிய மரக்கன்றுகள் வளர்க்கும் நாற்றங்காலுக்குப் போகிறார். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிப் பழகிய விரல்கள், நாற்றின் வேர் அறாமல் மண்ணோடு பெயர்த்துப் பைக்கு மாற்றுவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். சோலை மரங்கள் மிக மெதுவாக வளர்பவை. அவை ஓங்கி நிற்பதைத் தாம் காணப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆயினும் உறைபனிக் காலத்தில், கன்றுகளை மூடினார்களா என்று இரவிலும் விசாரிக்கிறார். தங்கள் தலையங்கம் தேடிய பொருள் இந்த அக்கறையில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

எனவே நீலகிரி மாவட்ட நிர்வாகம், ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்களில் விருப்பமுள்ளோரை நாற்றங்கால்களிலும் அங்கன்வாடிகளிலும், அவர்களின் உடல்நிலைக்கு ஏற்ற நேரத்திற்கு, உரிய ஊதியத்துடன் பணியமர்த்த முன்வர வேண்டும்.

– ஒரு வாசகர், கோத்தகிரி