தேரடி வீடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

எங்களுக்காகப் பார்த்து நீ அனுப்பிய வீட்டுப் படங்களை அப்பாவும் நானும் இரண்டு தடவை பார்த்தோம். லிஃப்ட், பூங்கா, வாசலில் செக்யூரிட்டி, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. பெங்களூரில் உன் தெருவிலேயே நாங்கள் இருக்க வேண்டும் என்று நீயும் மாப்பிள்ளையும் நினைப்பதே எனக்குப் போதும். ஆனால் திருவொற்றியூரை விட்டு இப்போது வர மாட்டோம். கோபப்படாமல் படி.

உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். ஐப்பசியில் ஒரு ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு அடைத்தது. நான் கேட்டைத் திறந்து கத்தியதும் எதிர்வீட்டு ஆட்டோக்காரத் தம்பி சட்டைகூடப் போடாமல் வண்டியை எடுத்தார். அரை மணி நேரத்துக்குள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒன்றும் இல்லை, படி ஏறி இறங்குவதை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். விடிந்து வந்தால், பக்கத்து வீட்டு அக்கா வாசல் தெளித்துக் கோலம் போட்டு, அடுப்பில் கஞ்சி வைத்திருந்தார். சாவி எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். புது ஊரில் அந்த மாதிரி ஒருவர் கிடைக்க எத்தனை வருஷம் ஆகும், சொல்லு.

குறை இல்லாத இடம் என்று சொல்ல வரவில்லை. போர்வெல் தண்ணீர் உப்பு, குடிக்கக் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர்தான். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள். காற்று மணலி ஆலைகள் பக்கமிருந்து அடித்தால் ஜன்னலைச் சாத்த வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, மீன்காரம்மா கூடையே தூக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

கடல் காற்றுக்கு ஜன்னல் கம்பியும் தாங்குவதில்லை. போன வாரம் அப்பா உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார். பெயிண்டுக்கு அடியில் துரு பொரிபொரியாக உப்பியிருந்தது, விரலால் அழுத்தினால் செதில் செதிலாக உதிர்ந்தது. நீலத்தைச் சுரண்டினால் உள்ளே பச்சை. நீ பத்தாவது படிக்கும்போது அடித்த பச்சை, ஞாபகம் இருக்கிறதா? அப்பா அதற்கு மேல் தேய்க்காமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்புறம் ரெட் ஆக்சைடு அடித்தோம்.

மற்றபடி எல்லாம் காலுக்கு எட்டும் தூரம். காய்கறி, மருந்துக்கடை, ரேஷன், வங்கி எதற்கும் வண்டி வேண்டாம். வெள்ளிக்கிழமை வடிவுடையம்மனைப் பார்த்துவிட்டு, மகிழ மரத்தைச் சுற்றி வந்து உட்காருவேன். கார்த்திகைப் பௌர்ணமியிலிருந்து மூன்று நாள் ஆதிபுரீசுவரரைக் கவசம் இல்லாமல் பார்க்கலாம், அந்த மூன்று நாளும் அவருக்குச் சாத்தும் புனுகு வாசனை சேலையிலேயே ஒட்டிக்கொண்டு வரும். துணி எடுக்க வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு மெட்ரோ ரயிலில் கொஞ்ச நேரம்தான். 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியும், நம் தேரடி ஸ்டேஷன் திறக்க 2022 மார்ச் ஆனது. இப்போது நீ சென்ட்ரலில் இறங்கினால் ஒரே வண்டியில் வந்துவிடலாம், குழந்தையையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம்.

சரி, வீடு வாங்க எடுத்து வைத்த பணத்தை அப்படியே வை. உன் மனசு கேட்காது என்றால் எங்களுக்கு ஒன்று செய். இப்போது கக்கூஸ் பின்கட்டில் இருக்கிறது, ராத்திரியில் மூன்று படி இறங்க வேண்டும். மாடிப்படிக்கு அடியில் ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் வைக்க இடம் இருக்கிறது. கொத்தனார் பார்த்துவிட்டார். அகலம் மூன்றரை அடி, கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி வைக்கலாம் என்கிறார். சுவரில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பியும் வேண்டும். துருப்பிடிக்காத ஸ்டீலாகவே வாங்கு.

மாசித் தேருக்கு முன்னால் வேலை முடிந்தால் நல்லது. நீங்கள் மூன்று பேரும் வந்து ஒரு வாரம் இருங்கள். சின்னவளின் உயரத்தை நூலில் அளந்து அனுப்பு, பாவாடை தைக்கக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா